அப்பா படம் ஒன்று வேண்டும்

கல்யாண ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரி போன் வராமல் இருக்காது. "அண்ணே, அப்பா தவறிட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துல எடுத்த படம் ஏதாவது இருக்குமா? பேனருக்குக் கொடுக்கணும், கொஞ்சம் சீக்கிரம் வேணும்." சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, இதன் ஒரிஜினல் வேண்டும் என்பார்கள். அதை வைத்துத் தேடுவது கஷ்டம். போட்டோவாக அனுப்பும்போது அளவு சுருங்கி, கோப்பின் பெயர் மாறி, எடுத்த தேதி, கேமரா எல்லாம் அழிந்துபோயிருக்கும். ஒரிஜினல் கோப்பின் பழைய எண் தெரிந்தாலும் அது மட்டும் போதாது. கேமராவின் எண் 9999-ஐத் தாண்டியதும் மறுபடி 0001-லிருந்து ஓடும்; ஒரே எண்ணில் வெவ்வேறு வீட்டுக் கல்யாணங்கள் வந்து நிற்கும்.

எங்கள் படங்கள் லைட்ரூம் கிளாசிக் என்ற படத் தொகுப்பு மென்பொருளில் இருக்கின்றன. தேடத் தொடங்கும் முன் நான் பார்ப்பது, ஏற்கெனவே ஏதாவது ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களுக்கு 'பி' விசையைத் தட்டிக் கொடி என்ற தேர்வுக் குறி போட்டிருப்போம். கொடி உள்ளதை மட்டும் காட்டும் ஃபில்டர் அப்படியே நின்றிருந்தால், இருக்கிற படமும் இல்லாத மாதிரிதான் தெரியும். கன்ட்ரோல்-எல் அடித்து அதை நிறுத்திவிட்டு, பிறகு மெட்டாடேட்டா, அதாவது படத்தோடு சேர்ந்திருக்கும் தகவல்கள், பகுதிக்குப் போவேன். முதலில் தேதி, அடுத்து லென்ஸ். பெரியவர்களைத் தொந்தரவு செய்யாமல் தள்ளி நின்று எடுக்க எங்கள் ஆட்கள் 85 எம்எம் போடுவார்கள். அந்த லென்ஸை மட்டும் தேர்ந்தெடுத்தால் மேடைக் கூட்டம் பெரும்பாலும் விலகி, முகங்கள் வரும். தோளில் துண்டோடு பந்தியைப் பார்த்துக்கொண்டு, யாரையோ சாப்பிடக் கூப்பிட்டபடி நிற்கும் அந்த மனிதர் அங்கேதான் கிடைப்பார்.

அந்தப் படத்துக்குக் கொடி இருக்காது. ஆல்பம் மணமக்களுக்கானது, பந்தி வாசலில் நின்றவருக்கு அதில் பக்கம் ஒதுக்க மாட்டார்கள். அதனால்தான் கொடி விழாத படங்களை அழிக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கண் மூடியவை, ஆடிப்போனவை, வேண்டாம் என்று 'எக்ஸ்' குறி வாங்கியவை போகட்டும். மற்றவை எங்களுக்கு மிச்சம், அந்த வீட்டுக்கு மிச்சமில்லை.

முகத்தை அடையாளம் காணும் வசதி லைட்ரூமில் 2015-லேயே வந்துவிட்டது. நேராகப் பார்க்கும் முகங்களை நன்றாகவே சேர்த்துத் தருகிறது. ஆனால் குனிந்து அட்சதை போடுகிறவர், பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறவர் என்று நிறையப் பேரைத் தவறவிடும். அது சேர்த்துத் தந்தாலும் இன்னார் என்று பெயர் கொடுக்க ஒரு மனிதர் வேண்டும்.

பெயர் கொடுக்கும்போது உறவுமுறையை மட்டும் கீவேர்டாக, அதாவது தேடுசொல்லாக, போட்டால் பயனில்லை. மணப்பெண்ணுக்குப் பெரியப்பாவாக இருப்பவர், போன் செய்கிற பிள்ளைக்கு அப்பா, இன்னொருவருக்குத் தாய்மாமன். பெயர், ஊர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்பது இருந்தால் போதும், யார் கேட்டாலும் எடுத்துவிடலாம். இதற்காகவே ஆல்பம் செலக்ஷனுக்கு வருகிறவர்களிடம், வீட்டில் ஒரு பெரியவரையும் கூட்டி வாருங்கள் என்கிறேன். குரூப் போட்டோக்களைத் திரையில் பெரிதாக்கி வைத்தால், இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். அத்தைகள்தான் இதில் கெட்டிக்காரர்கள். சமையல்காரர் பெயர்வரை சொல்வார்கள். அந்தப் பெயர்களை அதே மனிதர்களின் தனிப் படங்களுக்கும் போட்டுவிடுவேன்.

அப்புறம் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு கன்ட்ரோல்-எஸ். லைட்ரூமின் பதிவேடான கேட்டலாக்கில் மட்டும் இருந்த குறிப்புகள், ஜேபெக் படமாக இருந்தால் அந்தக் கோப்புக்குள்ளேயும், கேமரா தரும் மூலக் கோப்பான ரா படமாக இருந்தால் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு குறிப்புக் கோப்பிலும் எழுதப்படும். நாளைக்கு டிஜிகேம் மாதிரி இலவச மென்பொருளுக்கு மாறினாலும், எங்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாலும், அந்தப் பெயரைப் போட்டுத் தேடலாம்.