புதன்கிழமைத் தாள்கள்

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய ஏப்ரல் 15ஆம் தேதி, 33 வாரம் நிறைந்த நிலையில் என் பேத்தி பிறந்தாள். அன்று புதன்கிழமை. செய்தி கேட்டு வந்த எதிர்வீட்டு ஆயா, "எட்டாம் மாசமா? ஏழுல பொறந்தாகூடத் தங்கும்" என்று சொல்லிவிட்டு, வாய் தவறிவிட்டதை உணர்ந்தவர்போல நிறுத்திக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் புழங்கும் இந்தக் கணக்கு தவறானது; வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலை மேலும் முதிரச் செய்வதால், ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் எவரும் மாதத்தைக் கேட்கவில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, 40 வாரத்தைப் பேறுகாலமாகவும், 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதமாகவும் கொள்வதே அவர்கள் வழக்கம்.

வீட்டுக்கு அழைத்து வந்தபிறகுதான் குழப்பம் தொடங்கியது. ஏழு வாரம் முந்திப் பிறந்ததால் அவளுக்கு இரண்டு வயதுக் கணக்கு: பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று, அதில் ஏழைக் கழித்துக் கிடைக்கும் திருத்திய வயது மற்றொன்று. தடுப்பூசிக்கு முதலாவதைப் பார்க்க வேண்டும். 6, 10, 14 ஆகிய வாரங்களில் போட வேண்டியவற்றைக் குறைமாதம் என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. கழுத்து நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது, குப்புறக் கவிழ்வது முதலானவற்றுக்கு இரண்டாவதைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரை இப்படித்தான்.

இதை மறக்காமலிருக்க நான் ஒரு வழி செய்துகொண்டேன். தினசரிக் காலண்டரில் புதன்கிழமைத் தாளை மட்டும் எறியாமல், அதன் ஓரத்தில் இரண்டு எண்களையும் பேனாவால் எழுதி, காலண்டர் தொங்கும் அதே ஆணியில் குத்தி வைத்தேன். பிறந்தநாள் ஆண்டுதோறும் கிழமை மாறிக்கொண்டே போகும். வாரக் கணக்கிலோ அவளுடைய நாள் என்றைக்கும் புதன்தான். (ஆர்வத்தில் என் வயதையும் கணக்கிட்டேன். ஐம்பத்தேழரை வயதில் 3,000 வாரம் நிறைந்துவிடுகிறது. எனக்கு அது போன மாதமே முடிந்திருந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.)

தடைக்காலம் 61 நாள், அதாவது எட்டு வாரமும் ஐந்து நாளும். அவ்வளவு காலமும் மருமகன் வீட்டிலிருந்தது எங்கள் பாக்கியம். ஜூன் 14 இரவு அவர் லாஞ்சு ஏறியபோது பிள்ளையின் திருத்திய வயது வெறும் பதினொரு நாள்.

"மூணு மாசம் ஆகப்போவுதே, மொகம் பாத்துச் சிரிக்கலையே" என்று ஆயா கேட்கும்போதெல்லாம் மகளுக்கு முகம் வாடிவிடும். நான் ஆணியிலிருந்த தாள்களை எடுத்து வந்து காட்டினேன்: "ஆறு வாரத்தை ஒட்டித்தான் புள்ளைங்க சிரிக்கும். இவளுக்கு இப்பதான் அஞ்சு."

13 வாரம் / 6 வாரம் என்று எழுதிய தாளைக் குத்திய இரண்டாம் நாள், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஆயாவைப் பார்த்துத்தான் அவள் முதலில் சிரித்தாள். அப்பன் அப்போது கடலில் இருந்தான்.