மூன்று பாஸ்போர்ட், நான்கு பேர்

எங்கள் வீட்டில் மூன்று பாஸ்போர்ட். மூன்றிலும் பெயர் மூன்று மாதிரி. உம்மாவின் பாஸ்போர்ட்டில் 'பீவி' தனியாகப் பிரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. என் மனைவிக்கு அந்த இடத்தில் அவள் வாப்பா பெயர். எனக்கு அந்தக் கட்டமே காலி. இத்தனை வருஷத்தில் இதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. 2020 மார்ச்சில் பத்து நாள் சுற்றுலா என்று மலேசியா போனவர்கள் மே கடைசியில்தான் கீழக்கரை வந்து சேர்ந்தோம். பட்ட பாட்டில் பாதி இந்தக் கட்டங்களால் வந்தது.

மார்ச் 10 திருச்சியில் ஏறினோம். 20-ஆம் தேதி திரும்ப டிக்கெட். லங்காவி பார்த்தாகிவிட்டது. பினாங்கில் இருந்தபோது, 16-ஆம் தேதி இரவு, பிரதமர் முகைதீன் யாசின் டிவியில் வந்து கொரோனாவுக்காக 18-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு என்றார். ராமநாதபுரத்தில் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். "பதறாதீங்க பாய், நாளைக்கே மாத்திடலாம்" என்றார். மாற்றியும் கொடுத்தார். கூடுதல் பணம் கட்டி, 17-ஆம் தேதி மாலை 6:30 விமானம்.

விடியற்காலையில் பஸ் ஏறி, கோலாலம்பூர் வந்து, நேரே விமான நிலையம். பெட்டியை எடை போடும் வரிசையில் நிற்கும்போதே முன்னால் ஒரே சலசலப்பு. மலேசியாவிலிருந்து யாரும் இந்தியாவுக்கு வரக்கூடாது, இந்திய நேரம் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு எந்த விமானமும் கிளம்பக்கூடாது என்று அன்றைக்குத்தான் உத்தரவு. இந்திய நேரம் 3 மணி என்றால் அங்கே மாலை 5:30. எங்கள் விமானத்துக்கு அதற்கு மேல் ஒரு மணி நேரம். கவுன்ட்டரில் இருந்த பெண் கையை விரித்துவிட்டார். உம்மா டிராலி மேல் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தவர், நான் திரும்பி வந்து "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்று சொல்லும்வரை நிமிரவில்லை.

அந்த 'நாளைக்கு' ஐம்பத்து மூன்று நாளானது. மார்ச் 22-லிருந்து இந்தியா வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களையே மொத்தமாக நிறுத்திவிட்டது.

உம்மாவுடைய அக்கா மகன், எனக்குக் காக்கா முறை (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்), கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். அங்கே ஊரடங்கை எல்லோரும் 'பிகேபி' என்பார்கள். முதலில் மார்ச் 31 வரை என்றார்கள், பிறகு ஏப்ரல் 14, பிறகு 28, பிறகு மே 12. வீட்டுக்கு ஒருவர்தான் கடைக்குப் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். மஸ்ஜித் இந்தியா பக்கம் இரண்டு அடுக்குமாடிகளை ஏப்ரல் 7-ஆம் தேதி முள்கம்பி போட்டு அடைத்தார்கள். அதற்குள் எங்கள் தெருப் பையன் ஒருவன் மாட்டிக்கொண்டான். அவன் போனில் பேசுவதைக் கேட்ட பிறகு எங்கள் நிலைமையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நான் செய்த முதல் முட்டாள்தனம் விசா விஷயத்தில். எங்களுக்குக் கிடைத்தது 15 நாள் அனுமதி. அது மார்ச் கடைசியிலேயே முடிந்துபோனது. யாரோ வாட்ஸ்அப்பில் "நேரில் போய் நீட்டிக்காவிட்டால் கருப்புப் பட்டியல்" என்று அனுப்ப, காக்காவை நச்சரித்து வண்டி எடுக்க வைத்தேன். பாதி வழியில் போலீஸ் மறித்து, காகிதம் கேட்டு, காக்காவை நன்றாகத் திட்டித் திருப்பி அனுப்பியது. குடிநுழைவு அலுவலகமே அப்போது பூட்டிக் கிடந்தது. கட்டுப்பாட்டுக் காலத்தில் அனுமதி முடிந்தவர்கள், பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்தால், தனி அனுமதிச்சீட்டு இல்லாமலே நாட்டைவிட்டுப் போகலாம் என்று அவர்களே அறிவித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கிளம்பும்போது முத்திரை குத்த அரை நிமிஷம் ஆனது. ஒரு கேள்வி இல்லை.

மாத்திரையும் தீர்ந்தது. உம்மாவுக்குச் சர்க்கரை. பத்து நாளுக்குப் பதினைந்து நாள் மாத்திரை கொண்டுபோயிருந்தோம். அங்கே மருந்துக்கடையில் நம்மூர் கம்பெனிப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்த மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற பெயர்களைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. அந்த அட்டையையும் நாங்கள் முக்கால்வாசி கிழித்துப் போட்டிருந்தோம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசியில் பிரியுங்கள்.

இனி பெயர்க் கதை. ஊர் திரும்ப விரும்புகிறவர்களை இந்தியத் தூதரகத்தில் இணையம் வழியாகப் பதியச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம். குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன், சிவப்பில் திட்டியது. கோடு போட்டேன், அதற்கும் திட்டு. விமான டிக்கெட்டில் என் பெயரையே இரண்டு தடவை அடித்திருந்தார்கள். சரி, அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் என் பெயரை இரண்டு தடவை போட்டேன். உம்மாவுக்கும் மனைவிக்கும் பாஸ்போர்ட்டில் இருந்தபடி. மூன்று பேருக்கும் பதிவு எண் வந்தது. பெரிய காரியம் சாதித்துவிட்டதாக அன்றைக்கு ஒரு தேத்தண்ணி கூடுதலாகக் குடித்தேன்.

மே 7-ஆம் தேதி, வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவரும் 'வந்தே பாரத்' விமானங்கள் தொடங்கின. எங்களுக்கு ஒரே ஒரு அழைப்புதான் வந்தது. உம்மாவுக்கு மட்டும். வயது 68, நோயாளி என்பதால் முன்னுரிமை. உம்மாவைத் தனியாக அனுப்புவதாவது! தாயத்தைத் தொலைத்தவர் மாதிரி நாள் முழுக்கப் போனைத் தடவிக்கொண்டிருந்தேன். நாற்பது, ஐம்பது தடவை அடித்த பிறகு தூதரகத்தில் ஒருவர் எடுத்தார்.

"அவங்க தனியாத்தானே பதிஞ்சிருக்காங்க?"

"நான் மகன் சார், கூடவே வந்திருக்கேன்."

"பேர்ல அப்படி ஒண்ணும் தெரியலையே. குடும்பப் பெயர் வேற வேற இருக்கு. நீங்க யாரோ, அவங்க யாரோ."

என் உம்மாவுக்கு நான் யாரோ. சொல்லிவிட்டு அவர் போனையும் வைத்துவிட்டார். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, மறைப்பானேன்.

காக்காவின் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் யோசனை சொன்னாள். "மூணு பதிவு எண்ணையும் ஒரே மெயில்ல போட்டு அனுப்புங்க சாச்சா." எங்கள் பாஸ்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை, கணவன் அல்லது மனைவி பெயர் அச்சாகியிருந்தது. என்னுடையதில் தாய் பெயரும் மனைவி பெயரும் இருந்தன. மூன்று பேரின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், ஆறு படத்தையும் ஒரே பி.டி.எப். ஆக்கி, என்னுடையதில் அந்த இரண்டு பெயரையும் சிவப்பில் வட்டமிட்டு, மெயிலின் தலைப்பிலேயே மூன்று பதிவு எண்களையும் எழுதி, 'தாய், மகன், மருமகள், ஒரே குடும்பம்' என்று போட்டு அனுப்பினாள். மறுநாள் மதியம் மூன்று பேருக்கும் அழைப்பு வந்துவிட்டது. என்ன கஷ்டம் வந்தாலும் போன் அடித்து நேரத்தைக் கொல்லாதீர்கள். எண்ணைத் தலைப்பில் போட்டு மெயில் அனுப்புங்கள்.

பணம் கட்டும்போது கடைசி அடி. வங்கி ஓ.டி.பி. என் இந்திய எண்ணுக்கு வர வேண்டும். அந்த சிம்மில் ரோமிங் போடவில்லை, ரீசார்ஜும் எப்போதோ முடிந்திருந்தது. காக்கா தன் கார்டில் கட்டினார். வெளிநாடு கிளம்பும் முன் இந்திய சிம்முக்கு நீளமான ரீசார்ஜ் ஒன்றைப் போட்டு, ரோமிங்கைத் திறந்துவிட்டுப் போங்கள். மார்ச்சில் நாங்கள் பறக்காத டிக்கெட்டின் பணம் ஏஜென்ட்டின் மெயில் முகவரிக்கு வரவாக வந்து, அவர் கணக்கிலேயே ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தது தனிக்கதை. டிக்கெட்டை யார் போட்டாலும் உங்கள் மெயிலைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

மே 9 இரவு திருச்சி. மூக்கில் குச்சி விட்டார்கள், உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். இலவச முகாமா, காசு கொடுத்து ஹோட்டலா என்று நின்ற நிலையில் கேட்டார்கள். உம்மாவால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது, அதனால் ஹோட்டல். பதினான்கு நாள். நோன்பு மாதம். நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சாப்பாடு தர முதலில் மறுத்தார்கள். இரவுக் காவலுக்கு இருந்த புதுக்கோட்டைப் பையன் மூன்றாம் நாளிலிருந்து மூன்றரை மணிக்குக் கதவைத் தட்டி இட்லிப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

24-ஆம் தேதி வெளியே விட்டார்கள். மறுநாள் பெருநாள். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். இரண்டு நாள் முன்னாலேயே விண்ணப்பித்தேன். முதல் தடவை ராமநாதபுரம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதால் நிராகரிப்பு. கிளம்புகிற மாவட்டத்தில்தான் கேட்க வேண்டுமாம். இரண்டாம் தடவை வண்டி எண் இருந்தது, டிரைவரின் ஆதார் இல்லை. நிராகரிப்பு. மூன்றாம் தடவை பதினான்கு நாள் தனிமைக்குக் கொடுத்த சான்றிதழ், மூன்று ஆதார், டிரைவர் ஆதார், அவர் திரும்பிப் போவதற்கும் சேர்த்து அனுமதி என்று எல்லாவற்றையும் இணைத்தேன். 24-ஆம் தேதி மதியம் இரண்டரைக்குக் குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் நிற்கவில்லை.

புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை. ஒவ்வொரு எல்லையிலும் தடுப்பு, ஒவ்வொரு இடத்திலும் போனை நீட்டினேன். ஓரிடத்தில் போனில் காட்டினால் போதாது, பேப்பர் வேண்டும் என்றார் ஒருவர். நல்லவேளை, டிரைவர் நான்கு பிரதி எடுத்து வைத்திருந்தார். தேவிபட்டினம் நெருங்கும்போது நோன்பு திறக்கும் நேரம். வண்டியை ஓரம் கட்டி, பேரீச்சம்பழமும் தண்ணீரும். ஜன்னலை இறக்கியதும் உப்புக் காற்றோடு கருவாட்டு வாடையும் வந்தது. உம்மா முகக்கவசத்தை இறக்கிவிட்டு நன்றாக ஒரு மூச்சு இழுத்தார்கள். நான் தடுக்கவில்லை.

கீழக்கரையில் வீட்டு வாசலை அடைந்து பெட்டியை இறக்குவதற்குள் தெருவே ஜன்னலில் நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. வீட்டுத் தனிமை ஸ்டிக்கர் ஒட்ட ஆள் வந்துவிட்டார்கள். பதினான்கு நாள் முடித்துவிட்டோம் என்று சான்றிதழைக் காட்டினேன். வெளி மாவட்டத்திலிருந்து வந்தால் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றார்கள். ஒட்டிவிட்டுப் போன பிறகுதான் படித்தேன். உம்மா பெயர் சரி. மனைவி பெயர் சரி. என் பெயர் இரண்டு வரியில் இரண்டு தடவை. மொத்த நபர்கள்: 4.

மறுநாள் பெருநாள் காலை, வீட்டிலேயே தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல் பார்க்கும் கருவியோடு வந்த செவிலியம்மா மூன்று பேருக்கும் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு தாளைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னொருத்தர் எங்க?" என்றார்.