மருந்துச்சீட்டு வாங்கிய பிறகு வரும் கேள்வி

உடலுறவில் உணர்ச்சி குறைந்துபோனதைச் சொல்லவென்றே மகப்பேறு மருத்துவரிடம் யாரும் வருவதில்லை. வெள்ளைப்படுதல், மாதவிடாய்க் கோளாறு, இடுப்பு வலி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி வருவார்கள். மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகுதான், "டாக்டர், இன்னொண்ணு கேக்கணும்..." என்று இழுப்பார்கள். நான் பேனாவை மூடுவதில்லை. அந்த இன்னொன்றுக்காகத்தான் வந்திருப்பார்கள்.

சிலருக்கு ஆசையே இருக்காது. சிலருக்கு ஆசை இருக்கும், ஆனால் வலிக்கும். இன்னும் சிலருக்கு ஆசையும் உண்டு, வலியும் இல்லை, தொட்டால் மட்டும் எதுவும் தெரியாது. எல்லோருக்கும் "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று ஒரே பதில் சொல்லி அனுப்பும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் போகவில்லை. மனசுக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் மூன்றாவது வகைக்காரர்களிடம் நான் முதலில் பார்ப்பது கைப்பையைத்தான்.

ஒரு பெண் சொன்னார்: "பல் டாக்டர் ஊசி போட்டா உதடு எப்படி இருக்கும், அப்படி இருக்கு." தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மேசையில் வைக்கச் சொன்னேன். தைராய்டு, இரும்புச்சத்து, அப்புறம் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம். அதை ஆரம்பித்த பிறகுதான் தூக்கம் வந்தது, அழுகை நின்றது. மரத்துப்போனதும் அதன் பிறகுதான். மூளையில் செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் இந்த வகை மாத்திரைகளுக்கு இப்படியொரு பக்கவிளைவு உண்டு. உடனே நிறுத்திவிடுகிறேன் என்றார். கூடாது, திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், மனச்சோர்வும் திரும்பலாம் என்று சொல்லி, மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் மெதுவாக பூப்ரோப்பியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றினார். உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. எல்லோருக்கும் இப்படித் திரும்பிவிடும் என்று சொல்லமுடியாது. சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் பிரச்சினை நீடிப்பதால், அந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் பரிந்துரைத்தது.

மாத்திரையில் காரணம் கிடைக்காவிட்டால், சம்மதம் கேட்டுவிட்டுப் பரிசோதனை. பஞ்சை மெல்லிய திரியாக்கி, கண்ணை மூடியிருக்கச் சொல்லி, உள்தொடையில் ஆரம்பித்து, பிறப்புறுப்பின் வெளி உதடு, உள் உதடு, அவை மேலே சேரும் இடத்திலுள்ள உணர்ச்சி மொட்டான கிளிட்டோரிஸ் என்று வருடிக்கொண்டே போவேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியுதா?" ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து, "இடது பக்கம் தொட்டீங்களா என்ன?" என்று கேட்டார். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர். கைப்பிடி இருக்கையைவிடத் தாழ்ந்திருந்ததால் முன்னால் குனிந்தே ஓட்டியிருக்கிறார். இருக்கையின் மூக்குப் பகுதி, பிறப்புறுப்புக்கு வரும் புடெண்டல் நரம்பை எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சில வாரம் ஓய்வு, கைப்பிடியை உயர்த்துதல், மூக்கு இல்லாத இருக்கை, இடையிடையே எழுந்து நின்று மிதித்தல். வேறு மருந்து எதுவும் எழுதவில்லை.

வெளியே தெரியும் கிளிட்டோரிஸ் ஒரு நுனிதான். மிச்சமெல்லாம் உள்ளே, யோனியின் இருபுறமும் இறங்குகிறது. இதை ஆஸ்திரேலியாவின் சிறுநீரியல் மருத்துவர் ஹெலன் ஓ'கானல் விரிவாக எழுதியது 1998-ல்தான். அதற்கு வரும் நரம்பிழைகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னது 2022-ல். இவ்வளவு தாமதம் ஏன் என்று எனக்குக் கோபம் உண்டு.

மாதவிடாய் நின்றவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் தோல் மெலிந்து வறண்டுபோகும். மாதவிடாய் நின்றவர்களில் பலருக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமே போதும். சர்க்கரை நோய் நரம்பைத் தின்றபின் மீட்பது கடினம், அதனால் ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு வேண்டும். விடாத அரிப்போடு வெள்ளைத் திட்டு இருந்தால் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோயா என்று பார்க்கவேண்டும். வைப்ரேட்டரால் வரும் மரப்பு பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும். அதற்காக யாரும் பயப்படவேண்டாம். கணவர்களிடமும் ஒரு கேள்வி கேட்பேன். விந்து சீக்கிரம் வெளியேறாமலிருக்க அவர்கள் அடிக்கும் ஸ்ப்ரேயில் மரக்கச்செய்யும் மருந்து இருக்கிறது. துடைக்காமல் விட்டால் அது மனைவிக்கும் ஒட்டும். இதைக் கேட்டதும் ஒருவர் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

இவை எதற்கும் அவசரமில்லை, நேரம் குறித்து வரலாம். ஆனால் உட்காரும் பகுதி முழுவதும் திடீரென மரத்து, சிறுநீர் வராமல், காலும் தளர்ந்தால் அது தண்டுவடத்தின் கீழ்நுனி நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது என் அறைக்கு வரவேண்டாம், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய் அன்றைக்கே எம்ஆர்ஐ எடுக்கவேண்டும்.