75 வாட்டுக்குள்

அக்டோபர் 27, 2025, திங்கள்

இன்றும் கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிட்டது. கல்யாணக் கிளிப்பை எடிட்டிங் டைம்லைனில் போட்டதும் படம் நிற்கிறது, சத்தம் மட்டும் ஓடுகிறது. கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில். புதுக் கேமரா 4கே-யை எச்.265 என்கிற சுருக்கு முறையில் பதிகிறது. என்னுடையது நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். அதைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் அந்தச் சிப்பில் கிடையாது, பாரமெல்லாம் ப்ராசஸர் தலையில். 100 சதவீதம் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

பெண்ணின் அப்பா மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை.

அக்டோபர் 28

கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆக வேண்டும்.

அக்டோபர் 30, வியாழன்

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். மூலையில் பல்லி முட்டை, வெள்ளையாக, ஒன்று உடைந்து ஓடு மட்டும். ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன்.

பவர் சப்ளை லேபிளில் 290 வாட். கார்டுக்கென்று 6 பின் வயர் எதுவும் வரவில்லை. சரி, பவர் சப்ளையையே மாற்றலாம் என்றால் அதுவும் முடியாது. ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட பெட்டி இது. போர்டுக்குப் போகும் கனெக்டரே 8 பின். கடையில் விற்பதெல்லாம் 24 பின். ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. அது வேண்டவே வேண்டாம். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும், மேலே போனால் உருகும்.

ஆக, போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டாகப் பார்க்க வேண்டும்.

அப்பா இரவு அரைத் தட்டு கஞ்சி.

நவம்பர் 1, சனி

தூக்கம் இல்லை. படுத்தபடியே போனில் கார்டுகளை மேய்ந்தேன்.

ஆர்எக்ஸ் 6400: 2022-இல் வந்தது, 53 வாட்தான். ஆனால் வீடியோ என்கோடரே கிடையாது. எடிட்டிங் செய்கிறவனுக்கு எதற்கு அது? போதாக்குறைக்கு போர்டோடு தரவு போய்வர நான்கே லேன். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அந்தப் போக்குவரத்தில் பாதி வேகம் போச்சு.

ஜிடிஎக்ஸ் 750 டிஐ: 60 வாட். எச்.265-ஐ முழுசாகப் பிரிக்காது. தள்ளு.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ: 2016, 4 ஜிபி, 75 வாட். 10 பிட் எச்.265-ஐயும் பிரிக்கும். சில மாடல்களில் 6 பின் வாய் இருக்கும், அது இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி: 70 வாட், வயர் வேண்டாம். எல்லாவற்றிலும் நல்லது. புதுசு எழுநூறு மலேசிய வெள்ளிக்கு மேல்.

அக்கா மகன் சொல்கிறான்: "மாமா, விண்டோஸ் 10 கதை அக்டோபர் 14-ஓடு முடிஞ்சது. உங்க ப்ராசஸரை 11 ஏத்துக்காது, எட்டாம் தலைமுறை வேணும். இதுக்குப் போய் எழுநூறா?" பையன் சொல்வது சரிதான். கடுப்பாகத்தான் இருக்கிறது.

நான்கு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற நேரம். பால் வெட்டை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று, உடம்பு விடவில்லை.

நவம்பர் 3, திங்கள்

காலையில் ஈப்போ. ஆஸ்பத்திரி வேலை முடியவே பன்னிரண்டாகிவிட்டது. அப்பாவைக் காடியில் உட்காரவைத்துவிட்டு எதிரே கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தேன். போர்டு மாடலைச் சொன்னதும் கடை முதலாளி தவுக்கே சிரித்தார். "சுடா துவா லா, பாஸ். கிழமாயிடுச்சு. காசைப் போடாதே, வேற வாங்கு."

அப்படியொன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. ஆனாலும் என்னவோ சுர்ரென்று ஏறியது. இன்னும் ஓடுகிறதே, தினமும் ஆன் ஆகிறதே, உமக்கென்ன என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காடியில் அப்பா, "என்ன தம்பி, கிடைக்கலையா?" என்றார். கிடைக்கவில்லை என்றேன்.

நவம்பர் 4

இடி. பிளக்குகள், இன்டர்நெட் வயர் எல்லாம் பிடுங்கியாயிற்று. ஒரு வேலையும் நடக்கவில்லை.

நவம்பர் 5

வரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கோலகங்சாரில் ஒரு பையன் 1050 டிஐ விற்கிறான். 6 பின் வாய் இல்லாத மாடல். 230 வெள்ளி கேட்டான், 200-க்கு முடிந்தது. மைனிங்கில் ஓடின கார்டோ என்று சந்தேகம். கார்டுகளை ராப்பகலாக ஓட்டிக் கிரிப்டோ காசு எடுக்கும் எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரோடு முடிந்தது. 4 ஜிபி கார்டுகள் அதற்கு முன்பே அந்த வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விட்டன. அதனால் பயம் குறைவு. அவன் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபேன் சத்தம் சீராக இருந்தது, சூடு 65-ஐத் தாண்டவில்லை.

இந்த வரிசைக்குப் புது டிரைவர் இந்த அக்டோபரோடு சரி என்று என்விடியா சொல்லிவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். போதும். 2028 வரை இருந்தால் போதும்.

ஆஸ்பத்திரி ஃபைலில் அட்டை தேடும்போது தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் கையில் வந்தது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது தாத்தா வாயைக் கட்டிக் கட்டிய பணம். இதையும் ஏன் இந்த ஃபைலில் வைத்தார் அப்பா?

நவம்பர் 8, சனி

கார்டு ஏறிவிட்டது. ஸ்லாட்டின் கொக்கி 'டிக்' என்று விழுந்தது.

மானிட்டர் பழசு, விஜிஏ வாய் மட்டும். இந்தக் கார்டில் அனலாக் சிக்னலே இல்லை. டிவிஐ இருக்கிறது, அதுவும் டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ-டி. கன்வெர்ட்டர் ஆர்டர் போட்டிருக்கிறேன். அதுவரை கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய் டிவியின் எச்டிஎம்ஐ-யில் மாட்டினேன். அப்பாவின் கட்டில் இருப்பதும் ஹாலில்தான்.

கிளிப்பை இழுத்துப் போட்டேன். ஓடியது. டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ டீகோட்' கோடு மேலே ஏற, ப்ராசஸர் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. முன்னே பின்னே இழுத்தால் படமும் கூடவே வருகிறது. நிறுத்தின இடத்தில் நிற்கிறது.

"தம்பி, நிறுத்து நிறுத்து." அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பின்னால போ. அந்தத் தூண் பக்கத்துல நிக்கிறவன்... நம்ம தோட்டத்து மேல் டிவிஷன் தண்டல் மகன்தானே?"

அப்புறம் வேலை எங்கே ஓடியது! பெண்ணை மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. பின்வரிசைதான் பார்வை முழுக்க. யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் யாரோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பச்சைப் புடவைக்காரி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை ஆயாவின் பேத்தியாம். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவரைக் காட்டி, "இவனைப் பாரேன், எப்படி இளைச்சுப்போயிட்டான். சர்க்கரையா இருக்கும்," என்றார். அந்த ஆள் அப்பாவைவிட நன்றாகவே இருக்கிறார்.

பதினொன்றரை வரை தூங்கவில்லை. கஞ்சி மீதியில்லை.

நவம்பர் 9

இன்றும் பந்தி. இரண்டாவது பந்தி.

நவம்பர் 11, செவ்வாய்

போன் வந்தது. வியாழக்கிழமை வரச் சொல்கிறார்கள். குடும்பத்தில் யாராவது கூட வந்தால் நல்லது என்றார்கள்.

கலர் வேலை முடித்தேன். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எல்லாருக்கும் காமாலை வந்தமாதிரி இருந்தது, சரி செய்தாயிற்று.

நவம்பர் 12, புதன்

அக்கா கிள்ளானிலிருந்து இரவு வந்துவிடுவாள். நாளை எட்டு மணிக்கு ஈப்போவில் இருக்க வேண்டும்.

கன்வெர்ட்டர் வந்துவிட்டது. பிரிக்கவில்லை. ஹாலிலேயே இருக்கட்டும் என்கிறார் அப்பா. பின்வரிசை ஷாட் ஒன்றையும் வெட்டக் கூடாதாம். வெட்டாமல் விட்டால் படம் மூன்று மணி நேரம் போகும். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பதிப்பாகப் போடலாமா என்று யோசனை.