மாமனாரும் மூணு மாடி மோட்டாரும்

பாஸ்டனுக்கு வந்திருந்த மாமனாரை ஹார்வர்டுக்குக் கூட்டிப் போனேன். "ம்" என்றார். துறைமுகத்தில் கப்பல் காட்டினேன். "தூத்துக்குடியில பார்க்காததா?" என்றார். சரி, டிக்கெட் இல்லாத இடமாகவாவது போவோம் என்று செஸ்ட்நட் ஹில் வாட்டர் ஒர்க்ஸ் மியூசியத்துக்கு வண்டியை விட்டேன்.

1880-களில் கட்டிய பம்ப்பிங் ஸ்டேஷன். வெளியிலிருந்து பார்த்தால் சர்ச் மாதிரி இருக்கும். உள்ளே மூணு மாடி உயரத்துக்கு லெவிட்-ரீட்லர் நீராவி எஞ்சின். 1894-லிருந்து 1928 வரை ஓடியது; நாளைக்கு ரெண்டரைக் கோடி கேலன் தண்ணீர் ஏற்றும். மாமா அண்ணாந்து பார்த்தார், சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார்.

"மாப்பிள்ளை, ஃபுட் வால்வு எங்க இருக்கு?"

உறிஞ்சும் குழாயின் அடியில், தண்ணீர் திரும்பி இறங்கிவிடாமல் பிடிக்கிற வால்வு அது. திருச்சி வீட்டில் மோட்டார் சுவிட்சை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அத்தை கை வைத்தால் காயில் போய்விடும் என்பது அவர் கட்சி. ஏர் பிடித்துக்கொண்டால் சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்துவிடுவார். எலக்ட்ரீஷியன் வந்தால் டார்ச் பிடிக்க மட்டும் அனுமதி.

வால்வு என்று காதில் விழுந்ததுமே அங்கிருந்த வாலன்டியர் பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாதாரண பம்பில் தண்ணீரின் அழுத்தத்தில் வால்வு தானாக மூடும். வேகமாக ஓட்டினால் மூட நேரம் போதாமல் டமார் டமாரென்று அடிக்கும். பெர்லின் பேராசிரியர் ரீட்லர், எஞ்சினே நேரம் பார்த்து வால்வை மூடும்படி செய்தாராம். அதனால்தான் இவ்வளவு பெரிய எஞ்சின் நிமிஷத்துக்கு 50 சுற்று வேகத்தில் ஓட முடிந்ததாம். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தி, "ஐ நோ, ஐ நோ" என்றார்.

எதிரே இருக்கிற ரிசர்வாயர் தண்ணீரை ஃபிஷர் ஹில் குன்றின் மேலே ஏற்றினார்கள் என்றதும் மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்ப இது சம்ப்பு, அது ஓவர்ஹெட் டேங்க். நம்ம வீடேதான்! நிரம்பினா ஆஃப் பண்றது யாரு?"

ஷிஃப்ட் போட்டு ஆள் இருந்தது என்றார் பெரியவர். மாமாவுக்கு நிம்மதி. ஆட்டோமேட்டிக் என்றாலே அவருக்கு ஆகாது.

அடுத்து மாமா பிரைமிங் பண்ணுவதை, அதாவது தண்ணீர் ஊற்றி ஏர் எடுப்பதை, அபிநயத்தில் காட்ட ஆரம்பித்தார். சும்மா வந்த ஒரு குடும்பம், இவரும் கைடு போலிருக்கிறது என்று பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. குழந்தை கைதட்டியது. நான் மெதுவாக எஞ்சினுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

கிளம்பும்போது பெரியவர் கை கொடுத்து, எந்த ஊர் வாட்டர் ஒர்க்ஸில் வேலை பார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். பேங்க் கேஷியராக ரிடையர் ஆன மனுஷர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஓன் ஹவுஸ். தர்ட்டி இயர்ஸ் சர்வீஸ்."