சால்டர் இல்லாத பேட்ச் கேபிள்: என் பெடல்போர்டில் செய்து பார்த்தவை

கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கிவைக்கும் பலகைதான் பெடல்போர்டு. அதை முழுக்கப் பிரித்துப் புதிதாக அடுக்க முடிவெடுத்தபோது, பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் குட்டையான பேட்ச் கேபிள்கள் அனைத்தையும் சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகக் கலவை) இல்லாத வகையிலேயே செய்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். காரணம் இடம்தான். ஆயத்தமாக விற்கும் கேபிள்கள் 15, 30 சென்டிமீட்டர் என்று வைத்த அளவில் வருகின்றன. இரு பெடல்களுக்கு நடுவே 11 சென்டிமீட்டர் போதும் என்ற இடத்தில் மிச்ச நீளம் சுருண்டு பக்கத்து பெடலின் குமிழ் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேண்டிய அளவுக்கு வெட்டி, முனையில் பிளக்கைத் திருகினால் வேலை முடிந்தது என்பது பெரிய வசதி. அந்த வசதியை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அறியவே இந்தச் சோதனை. பல மாதங்கள் வாசித்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

நான் பயன்படுத்தியவை இரு வகை. முதல் வகைப் பிளக்கின் உள்ளே கூரான ஊசி ஒன்று இருக்கிறது. கேபிளை நேராக வெட்டி, உறையை உரிக்காமல் அப்படியே உள்ளே தள்ளினால் ஊசி நடுக் கம்பியின் இழைகளுக்குள் நுழைகிறது. பிறகு மூடியைத் திருகும்போது அது மேலுறையைக் கிழித்துக்கொண்டு போய், அடியில் இருக்கும் ஷீல்டை, அதாவது நடுக் கம்பியைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் செப்பிழை உறையைத் தொடுகிறது. இரண்டாம் வகையில் ஷீல்டைத் தொடும் வேலையைக் கடுகளவுத் திருகாணி ஒன்று செய்கிறது. சின்ன ஸ்க்ரூடிரைவரால் முடுக்க முடுக்க அதன் முனை மேலுறையைத் துளைத்து ஷீல்டில் பதிகிறது.

இரண்டிலும் உருகிய உலோகம் கிடையாது. உலோகத்தின் மேல் உலோகம் அழுத்திக்கொண்டிருப்பது மட்டும்தான் இணைப்பு. அந்த அழுத்தம் இருக்கும்வரை சிக்னல் போகும்.

கிட்டார் பிளக்கின் 6.35 மில்லிமீட்டர் வடிவம் 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் பிறந்தது. நாள் முழுவதும் செருகி எடுத்துக்கொண்டே இருப்பதற்கென்று செய்யப்பட்டது. ஜாக்கின் (பிளக்கைச் செருகும் துளையின்) உள்ளே இருக்கும் வளைந்த தகடு சுருள்வில்லைப் போல அழுத்திப் பிடிக்கிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் பரப்பைத் தேய்த்துச் சுத்தமும் செய்துவிடுகிறது. சால்டர் இல்லாத பிளக்கில் கேபிள் சேரும் இடத்துக்கு இந்த இரண்டு பாக்கியமும் இல்லை. பின்வாங்காமல் தொடர்ந்து அழுத்தும் தகடு அங்கே கிடையாது. ஒருமுறை திருகியபின் பரப்பு தேய்க்கப்படுவதும் இல்லை. அடுத்து நான் கண்ட எல்லாமே இதிலிருந்து வந்தவைதான்.

வெட்டுவதில்தான் பாதி வெற்றி

கட்டிங் பிளேயரால் வெட்டினால் கேபிள் நசுங்குகிறது. முனை வட்டமாக இருப்பதற்குப் பதிலாக நீள்வட்டமாகி, நடுக் கம்பி ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட முனையைப் பிளக்குக்குள் தள்ளினால், ஊசி இழைகளுக்குள் போகாமல் இழைகளுக்கும் பிளாஸ்டிக் காப்புக்கும் நடுவே சறுக்கிக்கொண்டு போகிறது. தொடுகிறது, ஆனால் ஒரு பக்கமாகத் தொடுகிறது. இந்தக் கேபிள் முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும். அதுதான் ஆபத்து.

புதிய பிளேடு, கெட்டியான பலகை, மெதுவான கை. பிளேடை மேலிருந்து அழுத்தாமல், கேபிளைப் பலகையில் உருட்டிக்கொண்டே வெட்டினால் முனை தட்டையாகவும் வட்டமாகவும் வருகிறது. வெட்டியதும் பூதக்கண்ணாடியால் முனையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு முனையில் ஷீல்டிலிருந்து பிரிந்த ஒற்றைச் செப்பிழை, தலைமுடியைவிட மெல்லியது, வெள்ளைக் காப்பின் மேல் குறுக்கே படுத்து நடுக் கம்பியை எட்டிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அப்படியே திருகியிருந்தால் ஷார்ட். பெடல்போர்டு முழுவதும் ஊமையாகியிருக்கும். பிளேடின் நுனியால் அதைச் சீவி எடுத்தேன். முனையைப் பார்க்காமல் பிளக்கை மாட்டாதீர்கள் என்று இந்த ஒன்றுக்காகவே அழுத்திச் சொல்வேன்.

கேபிளையும் பிளக்கையும் வேறு வேறு தயாரிப்பாளர்களிடமிருந்து எடுத்துக் கலப்பது வேண்டாம். கேபிளின் வெளிவிட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு குறைந்தாலும் மூடியின் பல் ஷீல்டை அரைகுறையாகத்தான் தொடும்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

எல்லாக் கேபிள்களையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். பிளக்கின் நுனி நடுக் கம்பியோடும், உடல் ஷீல்டோடும் சேர்ந்தவை. நுனிக்கு நுனி, உடலுக்கு உடல் தொடர்பு வேண்டும். நுனிக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது. பலர் பீப் ஒலியைக் கேட்டதும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பல மீட்டர்களில் பத்துக்கணக்கான ஓம் இருந்தாலும் அந்த ஒலி வரும். ஆகவே பீப் ஒலியை நம்பாமல் ஓம் அளவைக் காட்டும் நிலையில் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொடவைத்து, அந்த வயர்களின் சொந்த மின்தடையைக் குறித்துக்கொண்டால் கழித்துப் பார்க்க வசதி.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம்: எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அசைக்கும்போது எண் நிலையாக நிற்கிறதா என்பதுதான் கேள்வி. பெடலின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 500 கிலோ ஓம் முதல் 1 மெகா ஓம் வரை. அதற்கு முன்னால் நடுக் கம்பியில் 5 ஓம் கூடுதலாக இருந்தால் காதுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதே கேபிளைப் பிளக்கின் வாயருகே லேசாக வளைக்கும்போது எண் 0.4, 6, 0.5 என்று தாவினால், அது நாளைய கரகரப்பு. அப்படித் தாவியவற்றை அப்போதே வெட்டி மறுபடி செய்தேன். பின்னால் தொல்லை கொடுத்தவற்றில் சில, அன்று நிலையாக நின்றவைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய நிலையைத்தான் மீட்டர் காட்டும்.

பவர் சப்ளை மாற்றியபோது வெளிப்பட்ட உண்மை

முதலில் எல்லா பெடல்களும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் வயரில் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் சுத்தமாகவே இருந்தது. பிறகு ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட 9 வோல்ட் பவர் சப்ளைக்கு மாறினேன். மாறிய அன்றே பெரிய உறுமல். புதிய பவர் சப்ளையின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். கோளாறு அங்கே இல்லை.

ஒரே அடாப்டரில் ஓடும்போது எல்லா பெடல்களின் கிரவுண்டும் (சிக்னல் திரும்பிப் போகும் பொதுப் பாதையும்) அந்த வயர் வழியாக ஏற்கெனவே இணைந்திருக்கிறது. ஆகவே ஒரு பேட்ச் கேபிளின் ஷீல்டு விட்டுப்போயிருந்தாலும், சிக்னல் திரும்பிப் போக வேறு பாதை கிடைத்துவிடுகிறது. கேபிள் பழுதானது வெளியே தெரியாது. வெளியீடுகள் தனித்தனியாகப் பிரிந்ததும் அந்த மாற்றுப் பாதை அறுந்துபோகிறது. ஷீல்டு மட்டுமே ஒரே வழி. அதுவும் விட்டிருந்தால் உறுமல், அல்லது மெலிந்துபோன சத்தம். கேபிள்களைக் கழற்றித் தனியே வைத்து அளந்தபோது, ஷீல்டு பக்கம் விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டிருந்த கேபிள்கள் பிடிபட்டன. சில மாதங்களாக அவை அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

பெடல்போர்டில் மாட்டியபடியே கேபிளை அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு: கிரவுண்டு வேறு வழியில் சுற்றிவந்து மீட்டருக்கு நல்ல எண்ணைக் காட்டிவிடும். இரு முனைகளையும் கழற்றிய பிறகே அளக்க வேண்டும்.

எவை கெட்டன, ஏன்

பழுதானவற்றை மேசை மேல் பரப்பி, எந்த இடத்திலிருந்து வந்தவை என்று பார்த்தேன். ஓர் ஒழுங்கு தெளிவாகத் தெரிந்தது. அசையாமல் தட்டையாகக் கிடந்த கேபிள்களில் அநேகமாக எதுவும் கெடவில்லை. கெட்டவை, அடிக்கடி கழற்றி மாற்றும் பெடல்களின் கேபிள்கள். காலால் மிதித்து ஆட்டும் வா பெடலை ஒட்டியவை. பிளக்கின் வாயிலிருந்து வெளிவந்த உடனே செங்குத்தாக மடக்கப்பட்டவை.

சால்டர் செய்த நல்ல பிளக்கில் இரு வேலைகளை இரு உறுப்புகள் செய்கின்றன. மின்தொடர்பை சால்டர் பார்த்துக்கொள்கிறது. கேபிளை இழுக்கும்போது வரும் விசையை மேலுறையைக் கவ்வும் பிடி தாங்குகிறது. நான் பயன்படுத்திய சால்டர் இல்லாத பிளக்குகளில் இரண்டு வேலையும் ஒரே உறுப்பின் தலையில் விழுகிறது. கேபிளைப் பிடித்து இழுத்தால் அந்த இழுவை நேராக ஊசிக்கும் திருகாணிக்கும் போகிறது. ஒவ்வோர் இழுப்பும் துளையைச் சிறிது அகலமாக்குகிறது. இதோடு பிளாஸ்டிக்கின் இயல்பும் சேர்கிறது. தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விலகிக்கொடுக்கும். முதல் நாள் இறுக்கமாக முடுக்கிய திருகாணி, யாரும் தொடாமலேயே சில வாரங்களில் சற்றுத் தளர்ந்திருக்கிறது.

ஆகவே திருகாணி வகையை வாங்கியவர்கள் முதல் மாதத்துக்குப் பிறகு ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது நல்லது. கால் சுற்று போதும். அளவுக்கு மீறி முடுக்கினால் முனை ஷீல்டையும் காப்பையும் தாண்டி நடுக் கம்பி வரை போய் ஷார்ட் ஆகிவிடும். ஊசி வகையில் மறுபடி முடுக்குவதால் பெரிய பயனை நான் காணவில்லை. முனையில் 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே சரி. இதற்காகவே எல்லாக் கேபிள்களையும் தேவைக்கு மேல் ஒரு விரற்கடை நீளம் விட்டு வெட்டுகிறேன். வெட்டி மறுபடி செய்ய ஒரு நிமிடம்தான். இந்த விஷயத்தில் சால்டர் கேபிள் பக்கத்தில்கூட வர முடியாது.

கெட்டதெல்லாம் கேபிள் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கரகரப்பு வந்ததும் கேபிளை வேறு இரு பெடல்களுக்கு நடுவே மாட்டிப் பார்க்க வேண்டும். கரகரப்பு பழைய பெடலிலேயே தங்கிவிட்டால் அதன் ஜாக் தேய்ந்திருக்கிறது.

சால்டர் பக்கம் பார்த்தது

ஒப்பிடுவதற்காகச் சில கேபிள்களை சால்டர் செய்தும் பார்த்தேன். வெள்ளீயம் 63, ஈயம் 37 என்ற கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகுகிறது; சால்டரிங் இரும்பின் முனையை 350 டிகிரிக்கு அருகில் வைத்து, தொட்டு உடனே எடுத்துவிட வேண்டும். நடுக் கம்பியைச் சுற்றியுள்ள காப்பு பாலிஎதிலீனாக இருந்தால் அந்தச் சூட்டில் நொடியில் இளகி, கம்பி நகர்ந்துவிடும். பல கிட்டார் கேபிள்களில் காப்புக்கும் ஷீல்டுக்கும் நடுவே கறுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. பார்த்தால் சாதாரண பிளாஸ்டிக். ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். கேபிள் மிதிபடும்போது எழும் சத்தத்தைக் குறைப்பதற்காக வைத்திருக்கிறார்கள். அதை நன்றாகப் பின்னுக்கு உரித்துவிடாவிட்டால் நுனியைத் தொட்டு சிக்னலைக் கசியவிடும்.

சால்டரும் அமரத்துவம் பெற்றதல்ல. இழைகளுக்குள் ஊறிப்போன சால்டர் அந்த இடத்தை விறைப்பாக்குகிறது. விறைப்பு முடியும் இடத்தில் கம்பி மடங்கி மடங்கி ஒடியும். இருந்தாலும் ஒழுங்காகச் செய்து, பிடியையும் சரியாகக் கவ்வவிட்ட சால்டர் கேபிள்களில் எதையும் நான் இன்னும் திறக்க வேண்டி வரவில்லை.

ஒலித்தரத்தில் வித்தியாசம் உண்டா என்றால், என் காதுக்கு இல்லை. என் வரிசையில் முதலில் இருப்பது பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சுற்று) உள்ள டியூனர். அதற்குப் பின்னால் இருக்கும் குட்டைக் கேபிள்களின் மின்தேக்குத்திறன் ஒலியை மாற்றும் அளவுக்கு வருவதில்லை.

இப்போது பெடல்போர்டு இருக்கும் நிலை

கலந்து வைத்திருக்கிறேன். எதிரொலி சேர்க்கும் டிலே, ரிவர்ப் போன்று இடம் மாறாத பெடல்களுக்கு நடுவே சால்டர் இல்லாத கேபிள்கள்தான் தொடர்கின்றன. வா பெடலின் இரு பக்கமும், அடிக்கடி மாற்றும் இடங்களிலும், ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முந்தைய பகுதி முழுவதிலும் சால்டர் செய்தவை. டிஸ்டார்ஷன் பெடல் சிக்னலை 100 மடங்குக்கு மேலும் பெருக்கக்கூடியது. அதற்கு முன்னால் இருக்கும் கேபிளின் மிகச் சிறிய கரகரப்பும் அதே அளவுக்குப் பெருகித்தான் ஸ்பீக்கருக்கு வரும். பின்னால் இருக்கும் கேபிளில் அதே கோளாறு வந்தால் பெரும்பாலும் வாசிப்பில் அமுங்கிவிடும்.

சால்டர் இல்லாத ஒவ்வொரு கேபிளையும் பிளக்கிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, ஒட்டும் தாங்கியில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருக்கிறேன். இழுவை இப்போது டைக்குப் போகிறது, ஊசிக்குப் போவதில்லை. செலவும் உழைப்பும் மிகக் குறைந்த இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் கேபிள் கோளாறுகள் கிட்டத்தட்ட நின்றுபோயின. பெடலைக் கழற்றும்போது கேபிளைப் பிடிக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து இழுப்பதும் உதவுகிறது.

மேடைக்குப் போகும் பையில் இரண்டு உபரிப் பிளக்குகள், ஒரு பிளேடு, சின்ன ஸ்க்ரூடிரைவர், 60 சென்டிமீட்டர் நீளத்தில் சால்டர் செய்த கேபிள் ஒன்று எப்போதும் இருக்கின்றன. வாசிப்புக்கு நடுவே ஏதாவது விட்டுப்போனால், பழுது பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நீளமான கேபிளால் சந்தேகப்படும் பெடலைத் தாண்டி அடுத்ததில் செருகிவிடலாம். அடுத்து, ஊசி வகைக் கேபிள்களில் சிலவற்றின் பிளக் வாயில் பசையுள்ள வெப்பச்சுருக்கக் குழாய் போட்டுப் பார்க்கப் போகிறேன். மடங்குவதை அது எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பது சில மாதங்கள் போனால் தெரியும்.