அலுவலகக் கணினியில் சொந்தக் கோப்புகள்

கடலூர் சிப்காட் வளாகத்துத் தொழிற்சாலை ஒன்றில் கணினி வலையமைப்பைக் கவனித்துக்கொள்வது என் வேலை. "சார், ஃபோல்டருக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டால் உங்களால் பார்க்க முடியாதல்லவா?" என்று ஊழியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டுக் கடனுக்காக ஸ்கேன் செய்த பட்டா, வில்லங்கச் சான்று, மகளின் ஜாதகம், ஜிப்மரில் எடுத்த பரிசோதனை முடிவு, வேறு நிறுவனத்துக்கு அனுப்பிய பயோடேட்டா ஆகியவைதான் அவர்கள் மறைக்க விரும்புபவை. (கடைசியாகச் சொன்னது கண்ணில் பட்டாலும் நான் கண்டுகொள்வதில்லை.)

பெரும்பாலும் பார்க்க முடியும் என்பதே பதில். டொமைனில், அதாவது நிறுவனம் மையமாக நிர்வகிக்கும் கணினிக் குழுவில், இணைந்த விண்டோஸ் கணினியின் ஒவ்வொரு டிரைவும், நீங்கள் பகிராவிட்டாலும், நிர்வாகிக்கு (என்னைப் போலக் கணினிகளைக் கவனிப்பவருக்கு) மட்டும் திறக்கும் மறைமுகப் பகிர்வாக வலையமைப்பில் இயல்பாகவே இருக்கிறது. கோப்பின் அனுமதிப் பட்டியலிலிருந்து நிர்வாகியின் பெயரை நீக்கினாலும், அதன் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் அதிகாரம் அவரிடம் இருப்பதால் பயனில்லை. கோப்புகளைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றும், விண்டோஸ் 2000 முதல் இருந்துவரும் இஎஃப்எஸ் குறியாக்கத்திலும், அவற்றைத் திறந்து மீட்கும் அதிகாரம் பெற்ற டொமைனின் மீட்பு முகவராக வழக்கமாக அமைவது நிர்வாகியின் கணக்குதான். டிரைவ் முழுவதையும் குறியாக்கும் பிட்லாக்கர், மடிக்கணினி திருடுபோனால் காப்பாற்றும். ஆனால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவ் திறந்தே இருக்கும், மீட்புச் சாவியும் பல நிறுவனங்களில் நிர்வாகியின் கையில் உள்ள ஆக்டிவ் டைரக்டரி என்னும் டொமைன் பதிவேட்டிலேயே சேமிக்கப்படுகிறது.

கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் செவன் ஜிப் மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்னும் வலுவான குறியாக்க முறையைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் குறியிட்டு, நீண்ட கடவுச்சொல் வைத்தால், மூடிய நிலையில் அந்தக் கோப்பை என்னால் படிக்க முடியாது. குறியாக்கத்துக்கென்றே உள்ள வெராகிரிப்டும் நல்ல கருவியே. ஆனால் அதை நிறுவ நிர்வாகி அனுமதி தேவைப்படுவதால், அந்த அனுமதியையும் என்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். சிக்கல் தொடங்குவது அந்தக் கோப்பை அலுவலகக் கணினியிலேயே திறக்கும்போதுதான். செவன் ஜிப்புக்குள் இருக்கும் ஆவணத்தை இருமுறை சொடுக்கினால், அதன் பூட்டில்லாத பிரதி ஒன்று தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் பிரிக்கப்படுகிறது; கண்காணிப்பு மென்பொருள் இருக்கும் நிறுவனத்தில் நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லேகூடப் பதிவாகலாம். ஆகவே பூட்டுவதும் திறப்பதும் வீட்டுக் கணினியில் நடக்கும்வரை மட்டுமே குறியாக்கத்துக்கு அர்த்தம் உண்டு.

பலர் கவனிக்காத இடங்கள் வேறு சில உள்ளன. அலுவலக ஸ்கேனர் பெரும்பாலும் எல்லோரும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறையில் சேமிக்கிறது; பட்டாவை என்னைவிட முன்பே பக்கத்து மேசைக்காரர் பார்த்திருப்பார். வாட்ஸ்அப் வெப் வழியாக இறக்கிய படங்கள் டவுன்லோட்ஸில் தங்கிவிடுகின்றன. டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சர்வருக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால், இரவு எடுக்கப்படும் பேக்கப்பில் அவை சேர்ந்துவிடும் என்பதால், மறுநாள் நீங்கள் அழித்தாலும் பழைய பிரதி அங்கே இருக்கும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பது உள்ளிட்ட வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் தரவை அவர் ஒப்புதலின்றியே கையாள இடம் தருகிறது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அத்தகைய ஆவணங்களைச் சொந்தக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நிறுவனம் தரும் பாதுகாப்புச் சான்றிதழையோ (குறியாக்கிய இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க உதவும் கோப்பு) கைப்பேசியை நிர்வகிக்கும் செயலியையோ அதில் நிறுவாதவரை, அலுவலக வைஃபையில் இருந்தாலும் நீங்கள் எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பதுதான் பொதுவாக எனக்குத் தெரியும். அங்கே என்ன படித்தீர்கள், எதை அனுப்பினீர்கள் என்பது தெரியாது. எந்தத் தளம் என்பதும் தெரிய வேண்டாமென்றால் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளலாம்.